ஜெர்மனியில் படிக்கும் மகளுக்கு வங்கி அட்டை வரவில்லை, என்ன செய்யலாம்?

கவுந்தப்பாடி ஆலைக்காரர் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் கரும்பு ஆலை வைத்து நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிறவன் நான். சர்க்கரை பதம் தெரியும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விலை எப்போது ஏறும் என்று ஓரளவு சொல்வேன். வெளிநாட்டுப் படிப்பு விவகாரம் மட்டும் சுத்தமாகத் தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

மகள் கோவையில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தாள். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தாள். மேற்படிப்பு என்றால் ஜெர்மனிதான் என்று பிடிவாதமாக நின்று செப்டம்பர் கடைசியில் விமானம் ஏறிவிட்டாள். ஊர் மோன்ஷன்கிளாட்பாக். வீட்டில் யார் வாயிலும் நுழையாததால் கிளாட்பாக் என்கிறோம். அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் சுருக்கிச் சொல்கிறார்களாம். நெசவாலைகள் நிறைந்திருந்த காலத்தில் அதற்கு ரைன்லாந்தின் மான்செஸ்டர் என்று பேராம். "நம் கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோமே, அப்படி" என்று சொல்லித்தான் என்னைச் சம்மதிக்க வைத்தாள்.

இப்போது சிக்கல் என்னவென்றால், விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ கட்டினோம். மாதம் 992 யூரோ வீதம் அவள் கைக்குப் போய்ச் சேரும் என்றார்கள். ஆனால் அந்தப் பணம் வர அங்கே சாதாரண வங்கிக் கணக்கு ஒன்று வேண்டும். கணக்கைத் திறந்துவிட்டாள். அட்டை ஒரு தபாலில் வரும், ரகசிய எண் வேறு தபாலில் வரும் என்றார்கள். வாரங்கள் ஓடிவிட்டன, இரண்டும் வந்தபாடில்லை. வங்கியில் கேட்டால் அன்றைக்கே அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டுக்காரர்களும் கடிதம் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். இவள் கைக்கு ஒன்றும் வரவில்லை. இங்கிருந்து கொண்டுபோன ரொக்கத்தில்தான் நாள் நகர்கிறது.

மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் வீடு, மூன்றாவது மாடி. மற்ற இரண்டு பெண்களுக்கும் தபால் ஒழுங்காக வருகிறதாம். இவளுக்கு மட்டும் வருவதில்லை. எனக்கு அந்த ஊர்த் தபால்காரர் மேல்தான் சந்தேகம். வங்கி மேலாளரிடம் நானே போனில் பேசலாமா? ஆங்கிலம் தெரிந்த பையன் ஒருவன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறான்.

இன்னும் இரண்டு சங்கதி. காலையிலும் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி என்கிறாள். தீபாவளிக்குப் பார்சல் அனுப்ப வேண்டும் என்று வீட்டுக்காரி ஊத்துக்குளி நெய் வாங்கி வைத்திருக்கிறாள். அனுப்பலாமா? அப்புறம், இரவு பத்து மணிக்கு மேல் துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டதற்குக் கீழ்வீட்டு அம்மாள் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு மாடி ஏறி வந்து வாயால் சொன்னால் என்ன? மனிதர்கள் எப்படி அங்கே?

மகளைக் கேட்டால் "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, நீங்கள் மோட்டார் ரூமுக்குப் போங்கள் அப்பா" என்கிறாள். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

சென்னிமலைத் தறி பதில்:

அண்ணா, வணக்கம். நான் அதே கிளாட்பாக்கில், நீடர்ரைன் பல்கலைக்கழகத்தின் ஜவுளித் துறையில் முதுகலை முடித்துத் திரும்பியவள். இப்போது திருப்பூரில் ஒரு சாயக்கூடத்தின் ஆய்வகத்தில் இருக்கிறேன். வங்கி மேலாளரைக் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டாலும் வாடிக்கையாளரைத் தவிர வேறு யாரிடமும், பெற்ற தகப்பனாகவே இருந்தாலும், ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

முதலில் மகளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். கீழே வாசலில் இருக்கும் தபால்பெட்டியில் அவள் பெயர் எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் எந்தப் பெயர்?

ஏன் கேட்கிறேன் என்றால், அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண்ணே கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அதோடு சரி. உள்ளே பத்துக் குடும்பம் இருந்தால் பத்துப் பெட்டி. ஒவ்வொன்றிலும் விரல் அகலத்துக்கு ஒரு சீட்டு, அதில் குடும்பப்பெயர். தபால்காரர் உறையில் உள்ள பெயரையும் சீட்டில் உள்ள பெயரையும் பார்ப்பார். பொருந்தினால் போடுவார். இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். "மூன்றாவது மாடியில் புதிதாக ஓர் இந்தியப் பெண் வந்திருக்கிறாளே, அவளாக இருக்குமோ" என்று யோசிப்பது அவர் வேலை இல்லை.

இதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நமக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது, தலைப்பெழுத்துதான். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம். ஜெர்மனி அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். வங்கி, காப்பீடு, நகராட்சி, பல்கலைக்கழகம் எல்லாம் அவளை உங்கள் பெயரில்தான் அழைக்கும். கூடத் தங்கியிருக்கும் பெண்கள் அன்பாக அவளுடைய செல்லப்பெயரை எழுதி ஒட்டியிருந்தால் தபால்காரருக்கு அந்தப் பெண் அந்த வீட்டில் இல்லை. மற்றவர்களுக்கு வந்து இவளுக்கு மட்டும் வரவில்லை என்று நீங்கள் சொன்னதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

பெட்டியில் மட்டும் எழுதினால் போதாது. வாசலில் அழைப்புமணிப் பலகை இருக்கும், அதிலும் பெயர் வேண்டும். பார்சல்காரர் பெட்டியைப் பார்க்க மாட்டார், மணியைத்தான் பார்ப்பார். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். சில இடங்களில் எல்லாச் சீட்டும் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள்.

அடுத்தது, குடியிருப்புப் பதிவு முடிந்ததா? அன்மெல்டுங் என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். வீட்டுக்குள் குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிய வேண்டும் என்பது சட்டம். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிப் படிவம் ஒன்று வேண்டும். பதிவு முடிந்தால்தான் வரி எண் வீட்டுக்குக் கடிதமாக வரும். அந்த எண் இல்லாமல் பகுதிநேர வேலைச் சம்பளம் சரியாகப் போடமாட்டார்கள். காப்பீட்டுச் சான்றும் பதிவுச் சான்றும் பணம் இருப்பதற்கான சான்றும் சேர்ந்தால்தான் வசிப்பு அனுமதி அட்டைக்குப் போக முடியும். கையில் இருக்கும் விசா சில மாதங்களுக்குத்தான். அது முடிவதற்குள் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் சந்திப்புக்கு நாள் வாங்குவதற்கே நாளாகும். ஆகவே படிப்பு, சாப்பாடு, குளிர் எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் மாதம் காகிதத்துக்கு உரியது. அந்தக் காகிதம் எல்லாம் அந்தச் சின்னப் பெட்டி வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

கீழ்வீட்டு அம்மாள் சீட்டு ஒட்டியதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமை முழுவதுமே அமைதி நாள்தான். காலி பாட்டில்களைத் தெருவோரத் தொட்டியில் போடுவதற்குக்கூட ஞாயிறு ஆகாது, கண்ணாடி உடையும் சத்தம் கேட்குமாம். நேரில் வந்து சொன்னால் உங்கள் மகள் சங்கடப்படுவாள் என்றுதான் சீட்டு. என்னைக் கேட்டால், அடுத்த முறை படிக்கட்டில் பார்க்கும்போது வணக்கம் சொல்லி "மன்னியுங்கள், புதிதாக வந்திருக்கிறேன்" என்று ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு வரி சொல்லட்டும். அந்த அம்மாள்தான் பிறகு அவளுடைய பார்சலை எல்லாம் வாங்கி வைப்பார். எனக்கு வாங்கி வைத்தவரும் முதலில் சீட்டு ஒட்டியவர்தான்.

நெய் அனுப்பாதீர்கள். பால், பால்பொருள், இறைச்சி எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பெட்டியில் கொண்டுபோகவும் கூடாது, தபாலில் அனுப்பவும் கூடாது. கறிவேப்பிலைக் கொத்தும் ஆகாது, தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், அன்னாசி போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. உங்கள் நாட்டுச்சர்க்கரையைத் தாராளமாக அனுப்புங்கள். அன்பளிப்பு என்று எழுதி, மதிப்பு 45 யூரோவுக்குள் இருந்தால் சுங்கமும் வரியும் இல்லை.

ஒரு வேண்டுகோள். தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுகிறீர்களா? வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிறு போதும். கடை எல்லாம் மூடியிருக்கும், அவளுக்கும் வேறு வேலை இருக்காது. மற்ற நாள் சாயங்காலங்களில் அவள் அந்த ஊர் மனிதர்களோடு பழகட்டும்.

கோபி தபால் பதில்:

முப்பது வருடத்துக்கு மேல் கோபி சுற்றுவட்டாரத்தில் சைக்கிளில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆலைக்காரரே, தபால்காரர் மேல் சந்தேகப்படாதீர்கள். எங்கள் சாதிசனம் எந்த நாட்டிலும் வங்கி அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்?

நம் பக்கம் "மேட்டுக்காட்டுத் தோட்டம், பழைய வாத்தியார் மகன்" என்று எழுதினால்கூடக் கடிதம் போய்ச் சேரும். அந்த வாத்தியார் மகன் பெருந்துறைக்குக் குடிபோயிருந்தால் அதுவும் எங்களுக்குத் தெரியும், வெட்டித் திருப்பி எழுதி அனுப்புவோம். பெயர்ச்சீட்டைப் பார்த்து மட்டும் தபால் கொடுத்தால் வேலை சுலபம்தான். ஆனால் ஒரு வாய் மோர் கொடுக்க ஆள் இருக்காது.

சென்னிமலை அம்மணி சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். திரும்பிப் போன கடிதம் தானாக மறுபடி வராது. அனுப்பியவர்களிடம் முகவரியையும் பெயரையும் சொல்லி, மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டால்தான் உண்டு. சீட்டை ஒட்டிவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

அவிநாசி ரோட்டுக்காரன் பதில்:

கோவையைச் சுற்றி இத்தனை கல்லூரிகள் இருக்கின்றன. ஜவுளி படிக்க ஜவுளி ஊரை விட்டுவிட்டு எதற்கு இத்தனை பாடு? ஒரு பெட்டியில் பெயர் எழுதத் தெரியாமல் பிள்ளை பட்டினி கிடக்கிறது.

கவுந்தப்பாடி ஆலைக்காரர் பதில்:

அவிநாசி ரோட்டுக்காரருக்கு: பட்டினி என்று நான் எழுதவில்லை, ரொட்டி என்றுதான் எழுதினேன். அவள் எங்கே படிக்க வேண்டும் என்பதை அவளும் நானும் பேசி முடித்தாயிற்று.

சென்னிமலை அம்மணிக்கு: நீங்கள் சொன்னதேதான். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பெட்டியில் மற்ற இருவரின் குடும்பப்பெயரும் அச்சில் இருக்கின்றன. அதற்குக் கீழே வெள்ளை ஒட்டுநாடாவில் பேனாவால் "கவி" என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூ வரைந்திருக்கிறார்கள். அழைப்புமணியில் எதுவுமே இல்லை. பாஸ்போர்ட்டில் கவின்மதி, குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சுப்பிரமணியம். அது நான்.

இப்போது பெட்டியிலும் மணியிலும் என் பெயர் ஏறிவிட்டது. கோவை விமான நிலையத்தில் வழியனுப்பும் வாசலோடு நின்றவன் நான். என் பெயர் மட்டும் போய் ஜெர்மனியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறது. வகுப்பில் ஆசிரியர் அவளைத் "திருமதி சுப்பிரமணியம்" என்கிற மாதிரிதான் கூப்பிடுகிறாராம். இதைக் கேட்டு அவளுடைய அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளையே இங்கே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கோபி தபால்காரர் சொன்னபடி வங்கிக்கும் காப்பீட்டுக்கும் மறுபடி அனுப்பச் சொல்லி எழுதிவிட்டாள். குடியிருப்புப் பதிவை வந்த வாரமே முடித்துவிட்டாளாம். அதில் கெட்டிக்காரி. அக்டோபர் 3 அங்கே தேசிய விடுமுறை என்பது தெரிந்து முன்கூட்டியே நாள் வாங்கியிருக்கிறாள்.

நெய்யை நாங்களே சாப்பிட்டுக்கொள்கிறோம். சாப்பாட்டுக்கு யாராவது வழி சொல்லுங்கள்.

சூலூர் அத்தை பதில்:

தம்பி, சாப்பாட்டை நான் சொல்கிறேன். என் மகன் அங்கே படித்த காலத்தில் நான் போய் ஒரு குளிர்காலம் இருந்து சமைத்துப் போட்டுவிட்டு வந்தவள்.

அரிசியும் பருப்பும் சாதம் செய்யச் சொல்லுங்கள். ஒரே பாத்திரம், அரை மணி நேரம், இரண்டு வேளைக்கு ஆகும். துவரம்பருப்பு ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும். அந்த ரைன் நதிப் பக்கத்து ஊர்களில் அவர்கள் கடை நிறைய உண்டு. பொன்னி அரிசி, நல்லெண்ணெய், புளி, சின்ன வெங்காயம் எல்லாம் வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு எந்த ஜெர்மன் கடையிலும் சிவப்பு மைசூர்ப் பருப்பு பாக்கெட்டில் இருக்கும். அது சீக்கிரம் குழையும் என்பதால் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு. சீரகம், மிளகு, பூண்டு, வெங்காயம், தக்காளி வதக்கி, மஞ்சள்தூளைத் தாராளமாகப் போடச் சொல்லுங்கள். மஞ்சள் மட்டும் ஈரோட்டிலிருந்து போகட்டும்.

நெய்க்கு அழ வேண்டாம். அங்கே வெண்ணெய் 250 கிராம் கட்டியாக எந்தக் கடையிலும் கிடைக்கும். உப்பில்லாததாகப் பார்த்து வாங்கி வீட்டிலேயே உருக்கட்டும். முருங்கைக்கீரை போட முடியாது, அது ஒன்றுதான் குறை. ஊத்துக்குளி வாசனைக்குப் பழகிய மூக்கு முதலில் முகம் சுளிக்கும், பிறகு பழகிவிடும்.

பாத்திரம் முக்கியம். அங்கே எரிவாயு அடுப்பு அபூர்வம். வழவழப்பான கண்ணாடி மேடைதான் அடுப்பு. அடி உருண்ட வாணலி அதில் ஆடும். சில வீடுகளில் இண்டக்ஷன் அடுப்பாக இருக்கும், அதற்கு அலுமினிய குக்கர் வேலை செய்யாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

தாளிக்கும்போது கவனம். அறைக்கு அறை கூரையில் புகைமணி வைத்திருப்பார்கள். காய்ந்த மிளகாய் கருகினால் போதும், அலறும். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலை நன்றாகத் திறந்துகொள்ளட்டும். அந்த ஜன்னலே ஒரு வேடிக்கை. கைப்பிடி கீழே பார்த்தால் பூட்டு. படுக்கையாகத் திருப்பினால் கதவு போல முழுவதும் திறக்கும். மேலே திருப்பினால் தலைப்பக்கம் மட்டும் சாய்ந்து உள்ளே வரும். முதல் தடவை பார்த்தபோது ஜன்னல் கழன்று என் மேல் விழுகிறது என்று கத்திவிட்டேன். குளிர்காலத்தில் அதை நாள் முழுக்கச் சாய்த்து வைக்கக் கூடாது. வெப்பம் எல்லாம் போய்விடும், மூலையில் பூஞ்சை பிடிக்கும். வெப்பக்குழாயை நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் சில நிமிடம் விரியத் திறந்து மூட வேண்டும். சுவரில் பூஞ்சை வந்தால் முன்பணத்தில் பிடிக்கப் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒன்று. சென்னிமலைக் கண்ணு வாரம் ஒரு முறை பேசினால் போதும் என்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. தினமும் பேசுங்கள், ஆனால் இரண்டு நிமிடம். "சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய்" இரண்டே கேள்வி. நவம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டும் ஊர் அது. குரல் மாறினால் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

சென்னிமலைத் தறி பதில்:

அத்தை சொல்வதை மறுக்கவில்லை. இரண்டு நிமிடம் என்பது உண்மையிலேயே இரண்டு நிமிடமாக இருந்தால் சரி. எங்கள் வீட்டில் அம்மா, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, கடைசியில் எருமைக்கன்று வரை காட்டிவிட்டுத்தான் போனை வைப்பார்கள்.

இருட்டைப் பற்றி அத்தை எழுதியதும் ஞாபகம் வந்தது. அண்ணா, அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். இப்போது நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அதன்பின் நாலரை. நீங்கள் இரவு ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் அவளுக்கு மாலை ஐந்து. மறந்து பழைய கணக்கிலேயே கூப்பிட்டு, எடுக்கவில்லை என்று பயந்துவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். கிளாட்பாக் வழியாக ஆர்இ 13 என்று ஒரு ரயில் ஓடுகிறது. மேற்கே போனால் நெதர்லாந்தின் வென்லோ. அங்கே ஞாயிறும் கடை திறந்திருக்கும், ஜெர்மன்காரர்களே மூட்டை மூட்டையாக வாங்க அங்கேதான் போவார்கள். கிழக்கே அதே ரயிலில் உட்கார்ந்தால் டுசல்டார்ப், வூப்பர்டால் எல்லாம் தாண்டி ஹம் நகரில் போய் நிற்கும். ஹம் என்றால் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோவில். ஈழத்தமிழர்கள் கட்டியது, 2002இல் குடமுழுக்கு நடந்தது. தொழிற்சாலைகளுக்கு நடுவே முழு உயரக் கோபுரம் நிற்கும். கோடையில் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் தமிழர்கள் வருவார்கள். ரயில்நிலையத்திலிருந்து பஸ் பிடிக்க வேண்டும். தீபாவளிக்குத் தனியாக அறையில் இருக்காமல் அங்கே போய்வரட்டும். பக்திக்காக இல்லாவிட்டாலும் சாப்பாட்டுக்காக.

பக்கத்து ஊர் கிரேஃபெல்ட் பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் பேர் போனது. ஜவுளிப் பிள்ளைக்குப் பொழுதுபோக அதுவும் ஆகும்.

தாராபுரத்தான் பதில்:

ஐயா, நான் ஆகன் நகரில் படித்துக்கொண்டிருக்கிறேன், உங்கள் மகள் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். யாரும் சொல்லாத இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, தேர்வு. நம் கல்லூரி மாதிரி கட்டணம் கட்டினால் நுழைவுச்சீட்டு தானாக வராது. ஒவ்வொரு பாடத்துக்கும் தேர்வு எழுதப் போகிறேன் என்று குறித்த தேதிக்குள் தனியாகப் பதிய வேண்டும். தேதி போனால் போனதுதான், ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஒரு பாடத்தைப் பெரும்பாலும் மூன்று முறைதான் எழுத விடுவார்கள். மூன்றாவதும் போய்விட்டால் அந்தப் படிப்பை அந்த நாட்டில் வேறு எங்கும் தொடர்வதே சிக்கலாகிவிடும். ஆகவே தயாராகாமல் போய் உட்கார்ந்து பார்ப்பது நல்லதில்லை. மதிப்பெண்ணும் தலைகீழ். 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. அவள் போனில் "அப்பா, ஒன்று வாங்கினேன்" என்று சொன்னால் திட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது, வேலை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போன மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சில் வந்த கணக்கு இது, முன்பு 120தான். குறைந்தபட்ச ஊதியம் 2025இல் மணிக்கு 12.82 யூரோ, 2026 ஜனவரி முதல் 13.90. பல்கலைக்கழகத்திலேயே உதவியாளர் வேலை கிடைத்தால் அது இந்த நாள் கணக்கில் சேராது. திருப்பூர் ஆலை அனுபவம் உள்ளவர்களைத் துறை ஆய்வகத்தில் விரும்பி எடுப்பார்கள் என்பது என் எண்ணம். உணவகத்தில் தட்டுக் கழுவப் போவதற்கு முன் அங்கே கேட்கச் சொல்லுங்கள். முதல் அரையாண்டில் எந்த வேலைக்கும் போகாமல் இருந்தால் இன்னும் நல்லது. இது என் சொந்தக் கருத்து, வீட்டுக் கடன் நிலவரம் தெரியாமல் சொல்கிறேன்.

கவுந்தப்பாடி ஆலைக்காரர் பதில்:

தம்பி தாராபுரத்துக்கு நன்றி. கடன் இருக்கிறது, ஆனால் முதல் அரையாண்டு வேலை வேண்டாம் என்று நானும் சொல்லிவிட்டேன். ஆலை ஓடுகிற வரை பார்த்துக்கொள்ளலாம்.

அட்டை வந்துவிட்டது. மறுநாளே ரகசிய எண். காப்பீட்டுக் கடிதம், வரி எண் கடிதம் எல்லாம் அணை திறந்த மாதிரி ஒரே வாரத்தில். காப்பீட்டுக்கு மாதம் 140 யூரோவுக்கு மேல் பிடிக்கிறார்கள். 992இல் வாடகையும் அதுவும் போனால் மிச்சத்தை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். அரிசியும் பருப்பும் செய்தாளாம். கூடத் தங்கியிருக்கும் பெண்கள் சட்டியை வழித்துவிட்டார்கள் என்கிறாள். புகைமணி ஒரு தடவை அலறியதாம்.

கடிதக் குவியலில் ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு வந்திருக்கிறது. இவள் அறையில் தொலைக்காட்சியும் இல்லை, வானொலியும் இல்லை. புதிதாக வருகிறவர்களைக் குறிவைக்கும் மோசடியா? கிழித்துப் போடச் சொல்லட்டுமா?

சென்னிமலைத் தறி பதில்:

கிழிக்க வேண்டாம் அண்ணா. அது மோசடி இல்லை, சட்டப்படி உள்ளதுதான். குடியிருப்புப் பதிவு ஆனதும் எல்லோருக்கும் வரும். தொலைக்காட்சி இருக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை, வீடு இருந்தால் கட்டணம். ஆனால் ஆளுக்கு ஒன்று கிடையாது, வீட்டுக்கு ஒன்றுதான். கூட இருக்கும் இருவரில் ஒருவர் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பார். அவருடைய கட்டண எண்ணை வாங்கி, இந்த வீட்டுக்கு இவர் கட்டுகிறார் என்று இணையப் படிவத்தில் நிரப்பிவிட்டால் உங்கள் மகள் பெயரில் வந்தது ரத்தாகும். அந்தத் தொகையை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டால் தலைக்கு ஆறு யூரோ சொச்சம். பதில் சொல்லாமல் விட்டால் நினைவூட்டல் வரும், அபராதத்தோடு வரும், கட்டும் வரை விடமாட்டார்கள். படிவத்தில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள், "கவி" என்று போட்டுவிடப் போகிறாள்.